உறக்கத்துக்கு அளவுகோல் தந்த இதழ்

1978-இல் தொடங்கிய 'ஸ்லீப்' ஆய்விதழின் உண்மையான செல்வாக்கை அதன் தாக்கக் காரணி காட்டுவதில்லை. மருத்துவர் கேட்கும் கேள்விகளிலும், நோய்களுக்கு வழங்கும் பெயர்களிலும், காப்பீட்டு விதிகளிலும்தான் அதைத் தேட வேண்டும்.

ஓர் ஆய்விதழ் அறிவுலகில் எவ்வளவு செல்வாக்குப் பெற்றிருக்கிறது என்பதை ஒற்றை எண்ணால் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை, கடந்த அரை நூற்றாண்டில் உலகப் பல்கலைக்கழகங்களில் ஆழமாக வேரூன்றிவிட்டது. தாக்கக் காரணி என்று பெயர் பெற்ற அந்த எண், பேராசிரியர் நியமனம் முதல் ஆய்வு நிதி ஒதுக்கீடு வரை பலவற்றைத் தீர்மானிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டத் தவறுகிறது என்று ஆராய்வதற்கு, உறக்கவியல் துறையின் மூத்த இதழாகிய 'ஸ்லீப்' மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். ஏனெனில் அந்த இதழில் வெளிவந்த சில கட்டுரைகள் உலகெங்கும் மருத்துவர்களின் அன்றாட நடைமுறையையே மாற்றியிருக்கின்றன. அதே கட்டுரைகள் இதழின் தாக்கக் காரணியில் பெற்ற இடமோ மிகச் சிறியது.

துறை பிறந்த கதை

மருத்துவ அறிவியலின் மற்றக் கிளைகளோடு ஒப்பிடும்போது உறக்கவியல் வயதில் இளையது. உறங்கும் மூளை வெறுமனே ஓய்ந்து கிடக்கிறது என்ற எண்ணமே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பெரிதும் நிலவியது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும், உறக்கத்தின் ஊடே கண்விழிகள் மூடிய இமைகளுக்குள் விரைவாக அசையும் கட்டங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதையும், கனவுகள் அக்கட்டங்களோடு நெருங்கிய தொடர்புடையவை என்பதையும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டபோது அந்த எண்ணம் தகர்ந்தது. 'ரெம் உறக்கம்' என்று இன்று அழைக்கப்படும் இந்த விரைவிழியசைவு உறக்கத்தை, கிளைட்மனின் மாணவரான வில்லியம் டிமென்ட் தொடர்ந்து ஆராய்ந்தார். 1970-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உறக்கக் கோளாறுகளுக்கென்றே ஒரு மருத்துவ மையத்தை அவர் நிறுவினார்.

ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் மூளை மின்னலைப் பதிவுகளைத் தன் போக்கில் படித்துக்கொண்டிருந்த நிலைக்கு, 1968-இல் ஆலன் ரெக்ட்ஷாஃபனும் ஆந்தனி கேல்ஸும் தொகுத்த கையேடு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. 1975-இல் அமெரிக்காவின் உறக்கக் கோளாறு மையங்கள் ஒரு சங்கமாகத் திரண்டன. கையேடும் கூட்டமைப்பும் கிடைத்துவிட்ட துறைக்கு, தன் ஆய்வுகளைத் தானே பரிசீலித்து வெளியிடும் மேடை மட்டுமே குறையாக இருந்தது. நரம்பியல் இதழ்களிலும், உளவியல் இதழ்களிலும், நுரையீரல் மருத்துவ இதழ்களிலும் சிதறிக்கிடந்த கட்டுரைகளை ஓரிடத்தில் சேர்க்கும் நோக்கில் 1978-இல் 'ஸ்லீப்' வெளிவந்தது. பிரான்சில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய கிறிஸ்டியான் கில்லெமினோ அதன் தொடக்க ஆசிரியராக இருந்தார். உறக்க ஆய்வுச் சங்கம் என்ற அமெரிக்க அமைப்பின் சார்பில், 2017 முதல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இதனை வெளியிட்டு வருகிறது.

எண்ணின் கணக்கு

தாக்கக் காரணியின் கணக்கு எளிது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை, நடப்பு ஆண்டில் மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்று எண்ணி, அத்தொகையை அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே அந்த எண். 400 கட்டுரைகள் வெளியாகி, அவை மூன்றாம் ஆண்டில் 2,000 முறை மேற்கோள் காட்டப்பட்டால் தாக்கக் காரணி 5 ஆகும். மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணைப்படுத்தும் எண்ணத்தை 1955-இல் முன்வைத்த யூஜின் கார்ஃபீல்டின் நிறுவனம், 1975 முதல் இதழ்களுக்கான ஆண்டறிக்கைகளை வெளியிடத் தொடங்கியது. நூலகங்கள் எந்த இதழ்களை வாங்கலாம் என்று முடிவுசெய்ய உதவிய ஒரு கருவி, காலப்போக்கில் ஆய்வாளர்களின் தகுதியை எடைபோடும் தராசாக மாறியது.

'ஸ்லீப்' இதழின் தாக்கக் காரணி அண்மை ஆண்டுகளில் 5-க்கும் 6-க்கும் அருகில் இருந்துவருகிறது. அதே துறையின் 'ஸ்லீப் மெடிசின் ரிவ்யூஸ்' இதழின் எண் 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்துவருகிறது. இதனால் பின்னது முன்னதைப்போல் இருமடங்கு சிறந்தது என்று கொள்வதற்கில்லை. ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கட்டுரைகளையே அது வெளியிடுகிறது. புதிய ஆய்வொன்றை எழுதுபவர் பின்னணியைச் சொல்லும் இடத்தில் இருபது மூலக் கட்டுரைகளுக்குப் பதிலாக ஒரு தொகுப்புக் கட்டுரையைச் சுட்டிவிட்டுப் போவது வழக்கம் என்பதால், அத்தகைய இதழ்களுக்கு மேற்கோள்கள் எளிதாகக் குவிகின்றன.

இதைவிடப் பெரிய குறை இரண்டாண்டு வரம்பு. 1991-இல் வெளியான ஒரு கட்டுரையை 2020-இல் ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும், அவற்றில் ஒன்றுகூட அந்த ஆண்டின் தாக்கக் காரணியில் சேராது. நீண்டகாலம் உழைக்கும் கட்டுரைகளே 'ஸ்லீப்' இதழின் பெருமை என்பதால், இந்த வரம்பு அதன் செல்வாக்கின் பெரும்பகுதியைக் கணக்குக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

பெயரிடப்படாத நோய்க்குப் பெயர்

புதிய மருத்துவத் துறை ஒன்றுக்கு முதலில் தேவைப்படுவது, எல்லோரும் ஒரே பொருளில் பயன்படுத்தும் நோய்ப் பெயர்கள். 1979-இல் 'ஸ்லீப்' தன் இரண்டாம் தொகுதியின் முதல் இதழை முழுமையாக ஒதுக்கி, உறக்கக் கோளாறுகளின் வகைப்பாட்டை வெளியிட்டது. உறக்கம் வராமையும் நிலைக்காமையும், அளவுமீறிய உறக்கம், உறக்க நேரம் பிறழும் கோளாறுகள், உறக்கத்தின்போது நேரும் இயல்பற்ற நடத்தைகள் என்று நான்கு தொகுதிகளாக அது நோய்களைப் பகுத்தது. பின்னாளில் 1990-இல் வெளியான பன்னாட்டு வகைப்பாட்டுக்கு இதுவே முன்னோடியாக அமைந்தது.

வகைப்பாடு வந்த பிறகும் அதில் இடம்பெறாத நோய்கள் இருந்தன. ரெம் உறக்கத்தில் கண் தசைகளும் மூச்சுத் தசைகளும் தவிர உடலின் பெரும்பாலான தசைகள் செயலிழந்து தளர்ந்துவிடுவதால், கனவில் ஓடுபவரின் கால்கள் படுக்கையில் அசைவதில்லை. இந்தத் தளர்ச்சிக்குக் காரணமான மூளைத்தண்டுப் பகுதியைச் சிதைத்தால், பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து இரையைத் தாக்குவதுபோல் நடந்துகொள்வதை 1965-இல் பிரான்சின் மிஷேல் ஜூவே காட்டியிருந்தார். மனிதரிடமும் இத்தகைய கோளாறு உண்டு என்பதை, மினியாபொலிஸ் நகரின் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்டு குழுவினர் 1986-இல் 'ஸ்லீப்' இதழில் ஐந்து நோயாளிகளைக் கொண்டு விளக்கினர். கனவுக்கேற்பக் குத்துவதும் உதைப்பதும் படுக்கையிலிருந்து பாய்வதுமாக இருந்த அவர்களுடைய நிலை, பின்னர் ரெம் உறக்க நடத்தைக் கோளாறு என்று பெயர் பெற்றது.

ஐந்து பேரைப் பற்றிய அந்தக் கட்டுரையின் முக்கியத்துவம் பத்தாண்டுகள் கழித்தே முழுமையாகப் புலப்பட்டது. இக்கோளாறுடைய 29 ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில் 38 விழுக்காட்டினருக்குப் பின்னர் பார்க்கின்சன் வகை நடுக்குவாதம் தோன்றியதாக 1996-இல் அதே குழுவினர் 'நியூராலஜி' இதழில் தெரிவித்தனர். 24 மையங்களில் 1,280 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் 'பிரெய்ன்' இதழில் வெளியான ஆய்வு, 12 ஆண்டுகளில் 73.5 விழுக்காட்டினர் நடுக்குவாதத்துக்கோ மறதிநோய்க்கோ ஆளாவர் என்று கணக்கிட்டது. மூளை நரம்புகள் சிதையும் நோயைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கும் அடையாளங்களில் மிக வலுவான ஒன்று, இவ்வாறு ஓர் உறக்கவியல் இதழின் பக்கங்களில் முதன்முதலாகத் தனி நோயாக வரையறுக்கப்பட்டது.

எட்டுக் கேள்விகள்

பெயருக்கு அடுத்த தேவை அளவு. பகலில் தூக்கம் வருகிறது என்று சொல்லும் நோயாளிக்கு அது எந்த அளவுக்கு வருகிறது என்பதைத் தீர்மானிக்க, 1986-இல் மேரி கார்ஸ்கேடன் குழுவினர் 'ஸ்லீப்' இதழில் ஒரு சோதனை முறைக்கான நெறிகளை வகுத்தனர். இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை நோயாளியை இருட்டறையில் படுக்கவைத்து, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடங்களில் உறக்கம் வருகிறது என்பதை மூளை மின்னலைப் பதிவால் அளப்பதே அது. பகலில் அடக்கமுடியாத உறக்கத்தைத் தரும் நார்கோலெப்சி நோயை உறுதிசெய்ய இம்முறை இன்றும் பயன்படுகிறது. ஆயினும் இதற்கு ஒரு நாள் முழுவதும், கருவிகளும், பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும்.

செலவில்லாத மாற்று 1991-இல் வந்தது. மெல்போர்ன் நகரின் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மரே ஜான்ஸ், அம்மருத்துவமனையின் பெயரால் ஓர் அளவுகோலை 'ஸ்லீப்' இதழில் ஆறு பக்கங்களில் விளக்கினார். உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் வாகனத்தில் பயணம் செய்யும்போது என்று எட்டுச் சூழல்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண்ணயர்ந்துவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை நோயாளியே மதிப்பெண் இடுகிறார். மொத்தம் 24-இல் 10-க்கு மேல் வந்தால் பகலுறக்கம் அளவுமீறியதாகக் கருதப்படுகிறது. 150 நோயாளிகளும் நலமுடைய 30 பேரும் அந்த முதல் ஆய்வில் பங்கேற்றனர்.

ஒரு தாள், ஒரு பேனா, சில நிமிடங்கள் என்ற எளிமையே அதன் பரவலுக்குக் காரணம். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பல்லாயிரம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டு, உறக்கவியலில் மிகுதியாகச் சுட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்றாக அது விளங்குகிறது. அதன் குறைகளும் அந்தப் பரவலாலேயே வெளிப்பட்டன. போக்குவரத்து நெரிசலில் கார் சில நிமிடங்கள் நிற்கும்போது என்ற சூழல், கார் வைத்திருப்போர் குறைவான நாடுகளில் பலருக்குப் பொருந்தாததால், உள்ளூர் வாழ்க்கைக்கேற்ப வினாக்களை மாற்ற வேண்டியிருந்தது. தம் உறக்கக்கலக்கத்தைத் தாமே சரியாக உணராதவர்கள் தரும் மதிப்பெண் உண்மையைக் காட்டாது என்பதும் தெரியவந்தது.

வரையறை மாறினால் நோயாளியும் மாறுவார்

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதால் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா நோயில், ஓர் இதழின் செல்வாக்கு எவ்வளவு தூரம் எட்டக்கூடும் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதே இந்நோயின் அளவு. மூச்சு நிற்பதைக் கண்டறிவதில் குழப்பமில்லை; எவ்வளவு குறைந்தால் குறைந்ததாக எண்ணுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 1999-இல் வல்லுநர் குழு ஒன்று 'ஸ்லீப்' இதழில் வெளியிட்ட வரையறைகள், 'சிகாகோ அளவுகோல்' என்ற பெயரில் உலகெங்கும் பரவின. மணிக்கு 5 முதல் 15 வரை லேசான நோய், 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை என்ற பகுப்பை அவை உறுதிப்படுத்தின.

2007-இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் வேறு விதிகளைக் கொண்டுவந்தபோது நேர்ந்ததை, மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2009-இல் இதே இதழில் காட்டினர். 328 பேரின் ஒரே இரவுப் பதிவை இரு விதிகளாலும் கணக்கிட்டபோது, பழைய விதியில் 25 அளவில் இருந்த நடுவெண் புதிய பரிந்துரையில் 8 அளவுக்கு இறங்கியது. முன்பு நோயாளிகள் என்று முடிவுசெய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் புதிய விதியில் நோயற்றவர்களாயினர். ஒருவருடைய மூச்சில் எந்த மாற்றமும் இல்லாமலே, எண்ணும் முறை மாறியதால் மட்டும் அவர் நோயாளி என்ற நிலையிலிருந்து விலக்கப்படுகிறார். இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 4 விழுக்காடு குறைந்தால் மட்டுமே மூச்சுக்குறைவாகக் கொள்ள வேண்டும் என்ற கண்டிப்பான வரையறையை அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு பின்பற்றுவதால், முகமூடி வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தும் 'சிபாப்' கருவிக்குப் பணம் கிடைப்பதும் கிடைக்காததும் இந்தக் கணக்கைப் பொறுத்தே அமைகிறது.

வரையறைச் சண்டைக்கு அப்பால் நோயின் ஆபத்து ஐயத்துக்கு இடமற்றது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1,522 பேரை 18 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, கடுமையான மூச்சுத்தடை உடையோர் இறக்கும் வாய்ப்பு அந்நோய் இல்லாதோரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2008-இல் 'ஸ்லீப்' இதழில் தெரிவித்தது.

படுக்கையைக் குறைக்கும் மருத்துவம்

1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர் இதே இதழில் வெளியிட்ட சிகிச்சை முறை, பொது அறிவுக்கு முரணாகத் தோன்றக்கூடியது. நாள்பட்ட தூக்கமின்மையால் வருந்துபவர், இழந்ததை ஈடுசெய்ய நெடுநேரம் படுக்கையில் கிடப்பதே நோயை வளர்க்கிறது என்று கருதிய அவர்கள், படுக்கையில் இருக்கும் நேரத்தை உண்மையில் உறங்கும் நேர அளவுக்குக் குறைத்து, உறக்கம் செறிவடைந்த பின் படிப்படியாகக் கூட்டினர். இம்முறை, தூக்கமின்மைக்கான அறிதிறன்–நடத்தைச் சிகிச்சையின் இன்றியமையாத உறுப்பாயிற்று. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைகளுக்கு முன் இச்சிகிச்சையையே முதலில் அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. கட்டுரைக்கும் பரிந்துரைக்கும் இடையில் 29 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆய்வுக்கூடத்திலிருந்து பொதுவாழ்வுக்கு

பொதுமக்களின் எண்ணத்தை மிகுதியும் மாற்றியது உறக்கக் கடன் பற்றிய ஆய்வு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கனும் டேவிட் டிஞ்சஸும் நடத்தி 2003-இல் 'ஸ்லீப்' வெளியிட்ட சோதனையில், நலமுடைய 48 பேர் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, 14 இரவுகளுக்கு 4, 6 அல்லது 8 மணி நேரம் உறங்க அனுமதிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் மூன்று இரவுகள் முற்றிலும் விழித்திருந்தனர். நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு இரவுகள் வரை அறவே உறங்காதவர்களின் நிலையை எட்டின. அவர்களோ தாம் அவ்வளவு பாதிக்கப்படவில்லை என்றே நம்பினர். குறைந்த உறக்கத்துக்கு உடல் பழகிவிடும் என்ற நம்பிக்கைக்கு எதிராக இன்றும் முதலில் எடுத்துவைக்கப்படும் சான்று இதுவே.

இதற்கு 15 ஆண்டுகள் முன்பே, 1988-இல், விபத்துகளும் உறக்கமும் பற்றிய வல்லுநர் குழு அறிக்கை ஒன்று 'ஸ்லீப்' இதழில் வந்திருந்தது. 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணியளவில் நேர்ந்த மூன்று மைல் தீவு அணு உலை விபத்து, 1986 ஏப்ரல் 26 நள்ளிரவுக்குப் பின் 1.23 மணிக்கு நேர்ந்த செர்னோபில் பேரழிவு ஆகியவற்றைச் சுட்டி, நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்திலும் ஓரளவு பிற்பகலிலும் மனிதப் பிழைகள் மிகுகின்றன என்று அது எச்சரித்தது. அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் உறக்கக் கோளாறு ஆய்வுக்கான தேசிய ஆணையத்தை ஏற்படுத்தியது. டிமென்ட் அதற்குத் தலைமை தாங்கினார். அதன் விளைவாக 1993-இல் உறக்கக் கோளாறு ஆய்வுக்கான தேசிய மையம் உருவாயிற்று.

2010-இல் பிரான்செஸ்கோ கப்புச்சோ குழுவினர் 16 ஆய்வுகளின் 13,82,999 பேரைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து, குறைவாக உறங்குவோர் இறக்கும் வாய்ப்பு 12 விழுக்காடும் மிகையாக உறங்குவோர் இறக்கும் வாய்ப்பு 30 விழுக்காடும் கூடுதல் என்று இதே இதழில் தெரிவித்தனர். மிகையான உறக்கமே இறப்புக்குக் காரணம் என்று இதைப் படித்தவர்கள் உண்டு. வெளிப்படாத நோயே நீண்ட உறக்கத்துக்கும் இறப்புக்கும் பொதுக் காரணமாக இருக்கக்கூடும் என்பதால், தொடர்பைக் காரணமாகக் கொள்வது பிழை. பெரியவர்கள் நாளுக்கு ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ உறங்க வேண்டும் என்று 2015-இல் இதழ் வெளியிட்ட வல்லுநர் கருத்தொருமை, இத்தகைய சான்றுகளை எடைபோட்டு எழுந்ததாகும்.

எல்லைகளும் குறைகளும்

உறக்க அறிவியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் 'ஸ்லீப்' இதழில் வெளிவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரெம் உறக்கம் 'சயின்ஸ்' இதழிலும், 1981-இல் காலின் சல்லிவனின் அழுத்தக் காற்றுச் சிகிச்சை 'லான்செட்' இதழிலும் வந்தன. 2017-இல் நோபல் பரிசு பெற்ற உயிரியல் கடிகார ஆய்வுகளும் பொது அறிவியல் இதழ்களிலேயே இடம்பெற்றன. துறையைக் கடந்த வாசகரை நாடும் ஆய்வாளர்கள் பெரிய இதழ்களுக்குச் செல்வது இயல்பு. கண்டுபிடிப்பின் ஆரவாரம் வேறிடத்தில் நிகழ, அதை அளக்கவும் பெயரிடவும் சிகிச்சைக்குக் கொண்டுவரவும் தேவையான பொறுமையான வேலை துறை இதழில் நடந்தது. மேலும் மேற்கூறிய சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தவை. வெப்பமும், கூட்டுக் குடும்பமும், இரவுப் பணியும் வேறு விதமாக அமைந்த நாடுகளுக்கு அவற்றின் எண்களை அப்படியே பொருத்த முடியாது.

இந்தியச் சூழலில் இந்தக் கதைக்கு நேரடித் தொடர்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஆசிரியர் நியமன விதிமுறைகள், கட்டுரை வெளியான இதழின் தாக்கக் காரணி 2-க்கும் 5-க்கும் இடையில் இருந்தால் 20 மதிப்பெண், 5-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் 25, 10-க்கு மேல் என்றால் 30 என்று அடுக்கு வகுத்தன. இந்தக் கணக்கின்படி, எட்டுக் கேள்விகளால் உலக மருத்துவ நடைமுறையை மாற்றிய கட்டுரையும், அதே தாக்கக் காரணி உள்ள இதழில் வெளியாகி யாரும் சுட்டாமல் மறைந்த கட்டுரையும் ஒரே மதிப்பெண் பெறும். இதழின் சராசரியைத் தனிக் கட்டுரையின் தரமாகக் கொள்ளும் இப்பிழையைத் தவிர்க்குமாறு, 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீடு குறித்த பிரகடனம் பல்கலைக்கழகங்களையும் நிதி அமைப்புகளையும் கேட்டுக்கொண்டது.

ஓர் இதழின் தாக்கத்தை அறிய விரும்பும் மதிப்பீட்டாளர்கள், அதன் கட்டுரைகள் இருபது ஆண்டுகளுக்குப் பின் எந்த மருத்துவமனையில், எந்தச் சட்டத்தில், எந்தப் பாடநூலில் வாழ்கின்றன என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு 'ஸ்லீப்' இதழிடம் உறுதியான விடை உண்டு. இரண்டாண்டு மேற்கோள்களை வகுத்துப் பெறும் எண்ணில் அந்த விடை இல்லை. ஆய்வாளரின் தகுதியை இதழின் எண்ணால் அளக்கும் வழக்கத்தை இந்தியப் பல்கலைக்கழகங்கள் கைவிட்டு, கட்டுரையைப் படித்து மதிப்பிடும் கடினமான வேலைக்குத் திரும்புவதே அறிவுக்கும் நோயாளிக்கும் நன்மை தரும்.